விற்க மனமில்லாத லேப்டாப்

திருப்பதி லீலா மஹால் சந்திப்புக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த லேப்டாப் கடையில் கோபிகிருஷ்ணனை மிஞ்சி விற்கிற ஆள் கிடையாது. மலையிலிருந்து இறங்கியவர்கள் ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று ஏசி காற்று வாங்க உள்ளே நுழைந்தால்கூட, திரும்பும்போது கையில் ஒரு பை இருக்கும். அப்படிப்பட்ட கெட்டிக்காரன் ஒரே ஒரு பெண்ணுக்கு மட்டும் ஒரே ஒரு லேப்டாப்பை விற்றுவிடக் கூடாது என்று மாசக்கணக்கில் பாடுபட்டான். கேட்டவுடன் சிரிப்பு வரும். முழுக்கக் கேட்டால் வராது.

அவள் பெயர் தேன்மொழி. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலசமுத்திரத்துக்காரி. அப்பா, அம்மா இருவரும் ஊரார் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வந்ததே அவள் கல்லூரி முடித்த பிறகுதான். இப்போது சித்தூரில் தனியாக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, எங்கோ இருக்கிற இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கிறாள். நாற்பதைத் தாண்டிவிட்டாள். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்கிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்து, இப்போதெல்லாம் கேட்கிறவர்களின் வீட்டுப் பக்கமே அவள் போவதில்லை.

முதல் முறை வந்தபோது அவளும் தெலுங்கில்தான் பேசினாள், கோபியும் தெலுங்கில்தான் பேசினான். கடையில் எல்லோருக்கும் அதுதான் பழக்கம். கண்ணாடி மேசையில் வைத்திருந்த நீல நிற லேப்டாப்பின் மேல் அவள் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த சரக்கிலேயே மெல்லிசு அது. ஒரு கிலோகூட இல்லை. அப்போது அவள் போன் அடித்தது.

"இன்னாம்மா, துன்னியா? நானு திருப்பதில கீறேன். சும்மா ஒரு கடையில பாத்துக்கினு கீறேன்."

அதே எல்லைப் பக்கத்து நகரிக்காரனான கோபிக்கு அந்தப் பேச்சைக் கேட்டதும் உடம்பெல்லாம் லேசானது. அவன் வீட்டில் விசைத்தறி ஓடிய காலத்தில் காதில் விழுந்த தமிழ் அது. திருப்பதிக்கு வந்து அறை எடுத்துத் தங்கிய பிறகு, வாரத்துக்கு ஒரு தடவை தங்கையிடம் போனில் பேசுவதைத் தவிர அவன் வாயில் தமிழே வருவதில்லை.

"மேடம், நீங்க நம்ம பக்கமா?" என்றான்.

"பாலசமுத்திரம். நீங்க?"

"நகரி."

"அட, முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? நானு பாட்டுக்குக் கஷ்டப்பட்டுத் தெலுங்குல தெனறிக்கினு கீறேன்," என்று சிரித்தாள். அவள் தெலுங்கு அப்படியொன்றும் திணறவில்லை. அவனைச் சேர்த்துக்கொள்வதற்காகச் சொன்னாள் என்று அவனுக்குப் புரிந்தது, அது அவனுக்குப் பிடித்திருந்தது.

இன்னொன்றையும் அவன் கவனித்தான். கடைக்கு வருகிற பெண்களில் பாதிப்பேர் அவனை 'அண்ணா' என்பார்கள், மீதிப்பேர் 'சார்' என்பார்கள். இவள் இரண்டையும் சொல்லவில்லை. 'இன்னாங்க' என்றுதான் கூப்பிட்டாள். இதில் என்ன பெரிய விஷயம் என்று நமக்குத் தோன்றும். தனியாக இருக்கிறவனுக்கு இதெல்லாம் பெரிய விஷயம்.

கோபி தனியாக இருந்தான். மனைவி ருக்மணி சண்டை போட்டுப் போகவில்லை. "நீங்க கீற வூட்டுக்கும் இல்லாத வூட்டுக்கும் எனக்கு வித்தியாசமே தெரியல" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு பெங்களூரில் ஒரு வேலையைத் தேடிக்கொண்டு போய்விட்டாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று அவன் யோசித்து முடிப்பதற்குள் விவாகரத்தே ஆகிவிட்டது. அதன் பிறகு திருப்பதியிலேயே கொர்லகுண்டாவில் ஒரு மாடி அறை, ஒரு கட்டில், ஒரு சோறாக்கும் குக்கர். கடையில் பகல் முழுக்க ஓயாமல் பேசுகிற வாய், அறைக்குள் வந்தால் பல் தேய்ப்பதற்கும் தின்பதற்கும் மட்டும்தான் திறக்கும்.

அதற்குப் பிறகு அவளுக்கு விடுமுறையாக இருக்கிற சனிக்கிழமைகளில் தேன்மொழி வர ஆரம்பித்தாள். சித்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து, கடைக்குள் நுழைந்து, நேராக நீலத்திடம் போவாள். கோபி மற்ற வாடிக்கையாளரை வேறு ஆளிடம் தள்ளிவிட்டு வருவான். பிறகு வழக்கு தொடங்கும்.

"அந்த வெலைக்கு இது அடுக்காதுங்க," என்பான் கோபி. "மெல்லிசா பண்றதுக்காக உள்ள காத்துக்கு எடமே வுடல. கொஞ்சம் பெரிய வேலயா குடுத்தீங்கன்னா சூடாயிடும். சூடானா தானே வேகத்தக் கொறச்சிக்கும். வேகத்துக்குக் காசு குடுத்துட்டு, அந்த வேகத்த வெச்சிக்க முடியாது."

"அப்புறம்?"

"மெமரிய உள்ளயே பத்தவெச்சி ஒட்டிட்டான். நாளைக்குப் பத்தலன்னா கூட்ட முடியாது. பென் டிரைவ் சொருவறதுக்குக்கூட ஓட்ட இல்ல, தனியா ஒரு வயரு வாங்கித் தூக்கிக்கினு அலையணும். அத்தோ, அந்தச் சாம்பல் கலரு பாருங்க. பாதி வெல. இதவிட வேகம். கொஞ்சம் கனம், அவ்ளோதான்."

அவன் சொன்னது எல்லாம் உண்மை. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அதே நீல லேப்டாப்பைக் குப்பத்திலிருந்து வந்த ஒரு கிரானைட் முதலாளியிடம், "இதைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாலே எதிரே இருக்கிறவன் எழுந்து நிற்பான்" என்று தெலுங்கில் சொல்லி முந்தைய நாள்தான் விற்றிருந்தான். காற்றுக்கு இடமில்லாத சங்கதி அவரிடம் வாயைவிட்டு வரவேயில்லை.

தேன்மொழி எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். பிறகு மறுபடியும் நீலத்தின் மூடியை ஒரு விரலால் தூக்குவாள். ஒரு விரல் போதும், அடிப்பாகம் அசையாது. அந்த அழகை அவள் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார்ப்பாள்.

"வேகம் இன்னாத்துக்குங்க எனக்கு? நானு பில்லு பாக்கறேன், ராக்கெட்டா வுடறேன்?" என்றாள் ஒருநாள். "எட்டு வருசமா கம்பெனி குடுத்த கறுப்புப் பொட்டியையே பாத்துக்கினு கீறேன். காலைல அதும் எதிர்ல உக்காந்தா பொழுது போயி லைட்டு போடற வரைக்கும் அதுதான். என் வூட்ல எனக்கு எதிர்ல உக்கார்றது அது ஒண்ணுதான். அது கொஞ்சம் அழகா இருந்தா இன்னா தப்பு?"

எந்த நிறுவனமும் அச்சடித்துக் கொடுக்கிற விவரத்தாளில் அதற்குப் பதில் இருக்காது. அவன் சிரித்து மழுப்பி, "டீ குடிச்சிட்டு யோசிக்கலாம் வாங்க" என்று பக்கத்துக் கடைக்கு அழைத்துப் போனான். டீ குடிப்பதற்கு மட்டும் அவனுக்குக் கூப்பிடத் தெரியும். கடைக்கு வந்தவரை உட்கார வைக்கிற வியாபாரப் பழக்கம் அது.

அந்த டீக்கடையில்தான் அவள் சந்திரகிரிக் கோட்டைக்குப் போன கதையைச் சொன்னாள். வருகிற வழியில் மனதுக்குத் தோன்றிற்று, பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டாளாம். தனியாகக் கோட்டை முழுக்கச் சுற்றினாளாம். போனில் படம் காட்டினாள். கல் தூண், கல் மண்டபம், குளம், மறுபடியும் கல். எந்தப் படத்திலும் அவள் இல்லை.

"எடுக்கறதுக்கு ஆள் இல்ல," என்றாள் சாதாரணமாக.

'அடுத்த தடவை நான் வருகிறேன்' என்று சொல்ல அது சரியான இடம். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். கோபிக்கும் தெரிந்தது. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "கேமரா குவாலிட்டி நல்லா கீதுங்க" என்றான். அன்றிரவு அறையில் படுத்துக்கொண்டு தன்னைத்தானே திட்டிக்கொண்டான்.

அவன் கணக்கு எளிமையானது. லேப்டாப் வாங்காதவரை அவள் வருவாள். வாங்கிவிட்டால் வர ஒரு காரணமும் இல்லை. ஆகவே சாம்பலை நீலத்துக்கு எதிராக நிறுத்தினான். சாம்பலை அவள் கொஞ்சம் விரும்ப ஆரம்பித்ததும் தங்க நிறத்தைக் கொண்டுவந்தான். தங்கத்தில் திரை பளபளக்கிறது, கண் வலிக்கும் என்று மறுபடி கெடுத்தான். பில் போடுகிற ரேஷ்மா, "கோபி அண்ணா, உங்க வாயால ஒரு லேப்டாப்ப இவ்ளோ திட்டி நான் கேட்டதே இல்ல" என்று தெலுங்கில் கிண்டல் செய்தாள். முதலாளி நாகபூஷணமும் ஒருநாள் கூப்பிட்டு, அந்த மேடம் இத்தனை மாதமாக வருகிறாரே, இன்னும் ஏன் பில் ஆகவில்லை என்று கேட்டார். யோசிக்கிறார் சார் என்றான். யோசித்துக்கொண்டிருந்தது யார் என்று அவனுக்குத்தானே தெரியும்.

தீபாவளிக்கு முன் வந்த சனிக்கிழமை தேன்மொழி உள்ளே வந்து நாற்காலியில்கூட உட்காரவில்லை.

"இன்னாங்க, இன்னிக்கி நீலம்தான். சூடானா ஆவட்டும். ஓட்ட இல்லன்னா வயரு வாங்கிக்கிறேன். நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க."

விலை வேறு இறங்கியிருந்தது. சொல்வதற்கும் ஒன்றும் இல்லை. கோபி பெட்டியை எடுத்து வந்தான்.

அந்தக் கடையில் ஒரு பழக்கம் உண்டு. ஏதோ கார் ஷோரூமில் வண்டி எடுக்கிறவர்களுக்குப் பூஜை செய்து சாவி கொடுப்பதைப் பார்த்துவிட்டு வந்த நாகபூஷணம், விலை உயர்ந்த லேப்டாப் வாங்குகிறவர்களுக்கும் அதையே செய்ய வேண்டும் என்று வைத்துவிட்டார். லேப்டாப்பைத் திறந்து ஒரு பட்டுத்துணி விரித்த மேசையில் வைப்பார்கள். மூடியின் மேல் ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாளின்மேல் குங்குமம். வாங்கியவர் பக்கத்தில் நிற்க, கடை ஆட்கள் எல்லோரும் சுற்றி நின்று மஞ்சள் அரிசியை எடுத்து அட்சதை போடுவார்கள், போட்டோ எடுப்பார்கள். முதல் வருடமே இதில் ஒரு விபத்து நடந்தது. மெல்லிசு லேப்டாப்பில் திரைக்கும் விசைப்பலகைக்கும் இடையில் இடைவெளியே இருப்பதில்லை. உள்ளே ஒரு அரிசி கிடக்க, மூடியை அழுத்தி மூடியதில் திரை உடைந்துவிட்டது. கார் மேல் அரிசி போட்டால் காருக்கு ஒன்றும் ஆகாது, லேப்டாப் அப்படியில்லை என்பது முதலாளிக்குத் தோன்றவில்லை. பழக்கத்தை நிறுத்தவும் மனசில்லை. ஆகவே அட்சதை போட்ட பிறகு ஒரு சின்னப் பிரஷ்ஷால் விசைப்பலகையை முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் வாடிக்கையாளரை மூடவிட வேண்டும் என்று கோபியிடம் பொறுப்பைக் கொடுத்தார். அதன் பிறகு ஒன்றுகூட உடைந்ததில்லை.

தேன்மொழி நீல லேப்டாப் பக்கத்தில் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். எல்லோரும் அரிசியைப் போட்டார்கள். தலையில், தோளில், மேசையில், விசைகளின் மேல் மஞ்சளாக விழுந்தது. ரேஷ்மா போட்டோ எடுத்தாள். தேன்மொழி முகம் சிவந்து சிரித்தாள்.

"எம்மேல இதுக்கு முன்னாடி யாருமே அட்சத போட்டதில்லங்க," என்றாள் கோபியிடம் மெதுவாக.

மற்றவர்கள் கலைந்து போனார்கள். கோபி பிரஷ்ஷை எடுத்துத் துடைத்தான். மேல் வரிசை, நடு வரிசை, கீழ் வரிசை. கை வைக்கிற இடத்தில் ஓரமாக ஒரு அரிசி மட்டும் மிச்சம் இருந்தது. அதை நோக்கிப் பிரஷ் போய்க்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்.

"அப்ப இனிமே இங்க வர வேல இல்ல. உங்களுக்கும் நிம்மதி. என்னால எவ்ளோ தொந்தரவு!"

பிரஷ் நின்றுவிட்டது. அவன் நிறுத்தினானா, அதுவாக நின்றதா என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறான். நிறுத்தினான் என்பதுதான் உண்மை. அந்த ஒரு நொடியில் எல்லாம் ஓடிவிட்டது: உடையும், வருவாள், நான் இருந்து எல்லாம் செய்து கொடுப்பேன், சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகும். அவன் பிரஷ்ஷைச் சட்டைப் பையில் வைத்தான். தேன்மொழி இரண்டு கையாலும், தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துவதுபோல, மூடியை மூடினாள். பைக்குள் வைக்கும்போது மட்டும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாள். அவன் பார்த்துக்கொண்டு நின்றான். வாயைத் திறக்கவில்லை.

அதற்கப்புறம் வந்த நாட்களில் அவன் சரியாகத் தூங்கவில்லை. அரிசி பையில் விழுந்திருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது என்று நினைத்தால் நெஞ்சு லேசாகும். உடனே, அப்படியானால் அவள் வர மாட்டாளே என்று கனத்துப் போகும். கடைக் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கே அவனைப் பிடிக்கவில்லை.

புதன்கிழமை மதியம் அவள் வந்தாள். வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து நீலத்தை எடுத்து மேசையில் வைத்துத் திறந்தாள். திரையின் கீழ் ஓரத்திலிருந்து மேலே வரை விரிசல் ஓடியிருந்தது. பாதித் திரை கறுப்பாகக் கசிந்து கிடந்தது.

"சர்வீஸ்ல காட்டிட்டேன். வெளியேர்ந்து அழுத்தம் பட்டுதாம். கம்பெனி பொறுப்பு இல்லன்ட்டாங்க," என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நானு என்ன பண்ணேன்னே தெரியல. அன்னிக்கி வூட்டுக்குப் போயித் தொறக்கறேன், இப்டி கீது. அந்தக் கறுப்புப் பொட்டி ரெண்டு தடவ கீழ வுழுந்திருக்கு, ஒண்ணும் ஆவல. இத பூ மாதிரி எடுத்துக்கினு போனேன். பஸ்ல மடியிலதான் வெச்சிருந்தேன்." அவள் தன் கைகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டாள். "அம்மாகிட்ட சொன்னேன். கள புடுங்கன கைக்கு இதெல்லாம் இன்னாத்துக்குடின்னு கேட்டுது. அதும் சரிதான். நைனாகூட சொல்லும், நம்ம கை பட்டா எதுவும் நெலைக்காதுன்னு. நானு படிச்சிட்டேன், சம்பாரிக்கறேன், அதெல்லாம் போயிடுச்சின்னு நெனச்சேன். போவல."

கோபி மேசையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க சொன்னதுதாங்க சரி. நாந்தான் கேக்கல. இத எவ்ளோக்கு எடுத்துக்கறாங்களோ தள்ளிவுட்டுட்டு, எனக்கு அந்தச் சாம்பல் கலரே குடுத்துடுங்க. கனமா இருந்தா இருக்கட்டும். எனக்கு அது போதும்."

அவன் ஆசைப்பட்டது அத்தனையும் நடந்திருந்தது. அவள் எதிரே இருந்தாள். அவனை நம்பினாள். இனி அவன் சொல்வதைத் தட்டாமல் கேட்பாள். இந்த வேலையை இழுத்தால் சங்கராந்தி வரைக்கும் இழுக்கலாம், ஒவ்வொரு சனிக்கிழமையும் டீ குடிக்கலாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அது அவனுக்கு நன்றாக வரும். ஆனால் முன்பு ஒற்றை விரலால் மூடியைத் தூக்கிக்கொண்டு அவனோடு வழக்காடிய பெண்ணை இப்போது அந்த நாற்காலியில் காணோம். யாரோ கடன் கேட்க வந்தவள்போல நுனியில் உட்கார்ந்திருந்தாள். அதைச் செய்தவன் தான் என்பது அவனுக்குத் தாங்கவில்லை.

"உங்க கையால ஒடையலங்க," என்றான்.

"இன்னா?"

"அட்சத போட்டாங்க இல்ல. ஒரு அரிசி உள்ள கெடந்துது. மேல மூடனா ஒடையும். அதத் தொடைக்கறதுதான் என் வேல. நானு அந்த அரிசியப் பாத்தேன்."

"பாத்துட்டு?"

"தொடைக்கல. சொல்லவும் இல்ல."

பக்கத்து மேசையில் யாரோ தெலுங்கில் பிரிண்டர் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். தேன்மொழி அவனையே பார்த்தாள்.

"ஏன்?"

கோபிக்கு மறுபடியும் அந்தப் பழைய சங்கடம் வந்தது, ஆனால் இந்தத் தடவை கேமராவைப் பற்றிப் பேச முடியாது. "ஒடஞ்சா திரும்பி வருவீங்கன்னு," என்றான். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் தன் கைகளை மறுபடியும் புரட்டிப் பார்த்தாள்.

"அப்ப என் கை ஒண்ணும் பண்ணல," என்றாள்.

"இல்லங்க. ஒண்ணும் பண்ணல."

அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். முகத்தில் வந்தது சந்தோஷம் இல்லை, ஆனால் ஏதோ ஒன்று இறங்கிப் போயிருந்தது. பிறகு நீலத்தை அவன் பக்கமாகத் தள்ளினாள்.

"சாம்பல் கலரு வேணாம். எனக்கு இதுதான் வேணும். புது ஸ்கிரீன் நீங்க உங்க காசுல போட்டுக் குடுத்துடுங்க."

"போட்டுடறேன்."

"ரெடியானா ரேஷ்மாவ எனக்கு போன் பண்ணச் சொல்லுங்க. கொரியர்ல அனுப்பட்டும். நானு வர மாட்டேன்."

அவன் தலையாட்டினான். அவள் எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். இரண்டடி போனவள் நின்றாள். கண்கள் கலங்கியிருந்தன, அதை அவள் மறைக்கவும் இல்லை.

"வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, சும்மாவே வந்திருப்பேனே," என்றாள். "நானு மட்டும் இன்னா, லேப்டாப்புக்கா இத்தினி மாசமா பஸ் ஏறி வந்தேன்?"

கோபிகிருஷ்ணன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது. வெளியே வெயிலில் அவள் கையை வீசிக்கொண்டு சித்தூர் பஸ்ஸைப் பார்த்து நடந்தாள்.